திகதி

மாங்குளம் சந்தி தாண்டி, ஒலுமடு றோட்டுக் கராஜில்
கடாட்சத்தின் கார். ஏற்றத்தில் இழுக்காதாம்.
ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைக் கொடுத்து
வயரைச் செருகினேன்.
லப்டொப் சொன்னது: உரிமம் காலாவதி.

களவு சொப்ட்வெயார்.
திகதியைப் பின்னுக்கு வைத்தால் திறக்கும் என்றான்
வவுனியாவில் விற்றவன்.
எவ்வளவு பின்னுக்கு?
அதை அவன் சொல்லவில்லை.

அம்புக்குறியை அமத்திப் பிடித்தேன்.
பதினெட்டு, பதினைந்து, பன்னிரண்டு,
விரல் எடுக்கமுதல் வழுக்கிப்போய்
இரண்டாயிரத்து ஒன்பது.

பின்சீற்றிலிருந்து எட்டிப் பார்த்தவர்
"அதில நிப்பாட்டாதை தங்கச்சி" என்றார்.
அவருக்கு லப்டொப் தெரியாது.
எண் தெரியும்.

திரும்ப ஏறி, பதின்மூன்றில் விட்டேன்.
திறந்தது. மூன்றாம் சிலிண்டர்
நெருப்புப் பிடிக்கவில்லை.
கொயில் மாற்றினால் சரி.
பிழை பதிந்த நாள்: 2013, ஆவணி.
கார் அப்போது கப்பலே ஏறியிருக்காது.
இரண்டு பேரும் சிரித்தோம்,
அவர் கொஞ்சம் பிந்தி.

கொயில் போட்டு, றேஸ் பண்ணி,
முறிகண்டி மட்டும் ஓடிப் பார்த்து வந்தார்.
காசை எண்ணித் தந்துவிட்டு
பில்லை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.
"இண்டைய திகதிதானே போட்டனீ?"