மிச்சம் ஒண்டு

ஒட்டுசுட்டானுக்குக் கரண்ட் வந்த கிழமை
சுவரில் பூட்டின மீற்றரில் இலக்கம் 510511.

பற்றுச்சீட்டின் பின்பக்கம் வகுத்தேன்.
இரண்டால், மிச்சம் ஒண்டு.
மூன்றால், ஐந்தால், ஏழால், ஒண்டு.
பதினொன்றால், பதின்மூன்றால்.
முத்தையன்கட்டுக் காற்று தாளைப் புரட்ட
முழங்கையால் அமத்திக்கொண்டு பதினேழால்.
அதே ஒண்டு.
இந்த ஏழு பேரையும் ஒன்றோடொன்று பெருக்கி
ஆரோ ஒருத்தியைக் கூட்டிவிட்டிருக்கினம்.

"வீட்டில எத்தினை பேர் அக்கா?"
படிவத்தோடு நின்ற பெடியன்.
கணக்கில் வந்ததையே சொன்னேன்.

அவன் சைக்கிள் ஏறின பிறகு
பத்தொன்பதால் வகுத்தேன்.
மிச்சமில்லை.
திரும்பப் பெருக்கினேன்,
இருபத்தாறாயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்பது தரம் பத்தொன்பது.
பிழையில்லை,
ஒருத்தரும் வெளியில் நிற்கவில்லை.

பல்ப்பைப் போட்டேன்.
மீற்றருக்குள் சில்லு மெல்ல அசைந்து
முதலாவது அலகை எண்ணத் தொடங்கியது.