ரம்பம் தொடாத விரல்

யோவென்சு மருத்துவமனை. ஜனவரி. காலை ஒன்பது மணி,
வெளியே இன்னும் விடியவில்லை.
ஸ்டெதாஸ்கோப்பை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி
பதினொரு நாள் சிசுவின் மார்பில் வைக்கிறாள் சைமி.
லப்புக்கும் டப்புக்கும் நடுவே
ஒரு சீற்றம்,
கதவிடுக்கில் பனிக்காற்று நுழைவதுபோல்.

எக்கோ திரையில் இதயத்தின் மேலறைகள் இரண்டு.
இடைச்சுவர் முடியவில்லை.
கொத்தனார் பாதியில் இறங்கிப்போன வீடு.

அவளோ குழந்தையின் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
மூன்று கணுவோடு
மற்ற விரல்களின் வரிசையிலேயே நிற்கிறது,
எதிரே திரும்பத் தெரியாமல்.

"உங்கள் கைகளைக் காட்டுங்கள்."
யால்மரியின் இடது கை கோட்டுப் பையைவிட்டு வரவில்லை.
"மர ஆலை. பதினேழு வயசில். ரம்பம்."
ஹில்லா தலையாட்டுகிறாள்.
ஆறு வருஷமாய் அவளுக்கும் அதே கதைதான்.

எக்ஸ்ரேயில்
துண்டான எலும்பு நுனி இல்லை.
எதுவும் அங்கிருந்து போகவில்லை,
எதுவும் வரவேயில்லை.

டிபிஎக்ஸ் ஐந்து என்று பெயர். ஒரு புரதம்.
டி.என்.ஏ.வின் நெடும் இருட்டில் தடவித் தடவி
தனக்கான சில எழுத்துகளைக் கண்டுபிடித்து உட்காரும்.
இங்கிருந்து படி, என்னும்.
கரு உளுந்தளவாய் இருக்கும் அந்த ஒரு சில வாரம்
இதயத்திலும் நிற்கும், கைமொட்டிலும் நிற்கும்:
இங்கே சுவர் எழுப்பு,
அங்கே விரல் பிரி.
இரண்டு கட்டடத்துக்கும் ஒரே மேஸ்திரி.

யால்மரியிடம் அந்த மரபணுவுக்குப் பிரதிகள் இரண்டு.
ஒன்றில் ஓர் எழுத்து பிசகி
வாக்கியத்தின் நடுவில் முற்றுப்புள்ளி.
மற்றது ஒழுங்காகத்தான் உழைக்கிறது.
ஆகப் பாதிப் புரதம்.
எத்தனையோ காரியங்களுக்குப் பாதி போதும்.
இதற்குப் போதாது.
எந்தப் பிரதி மகனுக்கு என்பது
பூவா தலையா.

முடிவு வந்த அன்று நெடுநேரம் பேசாமலிருந்தான்.
பிறகு,
"கூமோவிலிருந்து இந்த ஊருக்கு வந்தபோது ஒருவன் கேட்டான்.
ரம்பம் என்று வாயில் வந்துவிட்டது.
அந்தப் பொய்க்கு மரியாதை கிடைத்தது.
அதைக் காப்பாற்றத்தான் ஆலையில் வேலைக்கே சேர்ந்தேன்."

இல்லாத தழும்பை ஆறு வருஷம் முத்தமிட்டவள்
அவன் கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்,
கோபமாகத்தான்.

"சட்டையைக் கழற்றுங்கள்," என்கிறாள் சைமி.
"எனக்கு எதற்கு? முப்பத்திமூன்று வயது. மூட்டை தூக்குகிறேன்."
"அதனால்தான்."
இந்த முறை சூடேற்ற மறந்துவிட்டாள்.
உலோகம் சில்லிட, குழந்தைபோல் துள்ளினான்.

பேசாதீர்கள், என்று விரலை உயர்த்தி
கண்ணை மூடிக் கேட்கிறாள்.
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.