நாலு குதிரை

பிட்காயார்வி ஏரிக்கு ஜூனில்
இரவு என்று ஒன்று கிடையாது.
பத்தரை மணிக்கும் சூரியன்
பைன் மரங்கள்மேல் சாய்ந்துகொண்டு
போகலாமா வேண்டாமா என்று நின்றது.
போகலாம் என்றோம் நாங்கள்.

துவுரேவுக்குப் பதினைந்து.
எனக்குப் பதினாலே முக்கால்.
அந்த முக்காலை யாருக்கும்
விட்டுக்கொடுக்கிற வயதில்லை அது.
படகு எங்கள் வீட்டுடையது, துடுப்பு ஒன்றரை.
மோட்டார், ரைமோவுடையது.

ரைமோ
துவுரேயின் அம்மாவோடு
பிப்ரவரியிலிருந்து இருக்கிறவர்.
காலணிகளை வாசலில்
நூல் பிடித்தாற்போல் வைக்கிறவர்.
துவுரே அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை.
"வாடகைக்காரர் தூங்கிட்டார், வா"
என்றான் ஜன்னலுக்குக் கீழே.

நாலு குதிரைச் சக்தி என்று மூடியில் எழுதியிருந்தது.
தூக்கும்போது நாலும்
எங்கள் தோளில் ஏறி உட்கார்ந்தன.
பின்பலகையில் மாட்டினோம். இரண்டு திருகு.
இடதை நான் முறுக்கினேன்,
வலதை அவன்.
கயிற்றை ஏழு முறை இழுத்தபின்
இருமி, காறி,
ஓடத் தொடங்கியது.

என்ன வேகம்!
அந்தச் சத்தத்தில் துவுரே திரும்பி
என்னிடம் ஏதோ கேட்டான்.
ஆமாம் என்று தலையாட்டினேன்.
எதற்கு ஆமாம் சொன்னேன் என்று
இன்றுவரை தெரியாது.

நாணல் திட்டுக்கு முன்னால் வளைத்தான்.
சின்ன வளைவுதான், எனக்குக் காட்டுவதற்காக.
படகு வளைந்தது.
மோட்டார் வளையவில்லை.
பலகையை விட்டு இறங்கி
ஓடிக்கொண்டே
தண்ணீருக்குள் போய்விட்டது.

அமைதி.
தூரத்துக் கரையில் யாரோ சவுனா கதவைச் சாத்தியது
காதுக்குள் கேட்டது.
நாங்கள் கிளப்பிவிட்ட அலையே
பின்னாலிருந்து மெதுவாக வந்து
விளிம்பேறி
எங்கள் மடியில் உட்கார்ந்தது.
பெட்ரோல் மேலே வந்து
ஏழு நிறத்தில் விரிந்தது,
இங்கேதான், இங்கேதான் என்று.

பூட்ஸைக் கழற்றித் தண்ணீர் இறைத்தோம்.
சிவப்புப் புகைக்கூண்டும் பிளந்த பிர்ச் மரமும்
ஒரே கோட்டில், நினைவில் வை என்றான்.
புகைக்கூண்டு இல்லை, தண்ணீர்த் தொட்டி என்றேன்.
சண்டை போட்டபடியே துடுப்பு வலித்தோம்,
ஒன்றரைத் துடுப்பில்
படகு இடப்பக்கமாகவே யோசித்தது.
கரை தட்டியபோது
சூரியன் மறைந்து, மறுபடி எழுந்திருந்தது.

ரைமோ காபிக் கோப்பையோடு படித்துறையில் நின்றார்.
வெற்றுப் பின்பலகையைப் பார்த்தார்.
"எவ்வளவு ஆழம்?"
அவ்வளவுதான் கேட்டார்.

பிறகு ஐந்து மாலை
மூன்று பேரும் அந்தப் படகில்,
கயிற்றில் கட்டிய கொக்கியோடு.
புகைக்கூண்டுக் கோட்டில் இரண்டு நாள்,
தொட்டிக் கோட்டில் மூன்று.
கொசு எங்களைத் தின்றது.
யாரும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் கொக்கி எதையோ பிடித்தது.
மூவரும் இழுத்தோம்.
மோட்டார்தான்.
எங்களுடையது இல்லை.

மூடி போய், துருவேறி,
வயிற்றுக்குள் இரண்டு சிப்பிகள் குடியிருந்தன.
யாருடையதோ, எந்தக் கோடையிலோ.
ரைமோ அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு சிரிக்கத் தொடங்கினார்,
ஓசையில்லாமல், தோள் மட்டும் குலுங்க,
அப்புறம் ஓசையோடு,
படகே ஆடும்படி.

"ரைமோ! ஆட்டாதீங்க, தண்ணி வருது!"
என்று கத்தினான் துவுரே.

நான் அந்தப் பழைய மோட்டாரைத் திருப்பிப் பார்த்தேன்.
அதன் இரண்டு திருகுகளும்
இறுக்கமாகத்தான் இருந்தன,
ஒடிந்த பின்பலகைத் துண்டு ஒன்றை
விடாமல் கவ்விக்கொண்டு.