இரண்டும் ஒன்றுதானே

பெர்கனில் மழை பெய்தால் அது செய்தியில்லை.
என் அச்சகத்து ஈரமானி அறுபத்தெட்டைத் தொட்டால்
அதுதான் செய்தி. பருத்தித் தாள் உப்பிக்கொள்ளும்.
காலையில் பொருந்திய நிறங்கள் மதியத்துக்குள்
அரை மில்லிமீட்டர் விலகி நிற்கும்,
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள் மாதிரி.

அன்றும் அறுபத்தெட்டு.
சுன்னிவாவும் தூர்கெய்ரும் கோட்டுகளைக் கொக்கியில் சொட்டவிட்டு
எண்பது அழைப்பிதழ் என்றார்கள், செப்டம்பர் முதல் சனி.
எல்லா வகையும் காட்டுங்கள் என்றாள் அவள்.
அப்படிக் கேட்பவர்களுக்குத் தெரியாது,
வெள்ளையில் மட்டும் என்னிடம் பதினொன்று உண்டு.

பரப்பினேன்.
சுண்ணாம்பு வெள்ளை, முட்டையோட்டு வெள்ளை,
நேற்று யாரோ அவிழ்த்த காயக்கட்டின் வெள்ளை
(ஆலை அதற்கு வைத்த பெயர் வேறு).
டிஜிட்டல் என்றால் நாளைக்கே, பாதி விலைக்கு;
எழுத்து தாளின் மேல் படுத்திருக்கும்.
ஆஃப்செட்டுக்கு எண்பது பிரதி
யானைப் பசிக்குச் சோளப்பொரி.
லெட்டர்பிரஸ்ஸில் எழுத்து உள்ளே இறங்கி உட்காரும்,
ஆனால் அறுநூறு கிராம் தாள் கேட்கும்,
அது இன்னொரு தபால்தலை கேட்கும்.
ஒரே மூச்சில் சொல்லி முடிப்பேன், பழக்கம்.

நடுவில் ஓலெசுந்திலிருந்து அவன் அம்மா.
தங்க ஃபாயில்?
வேண்டாம்மா.
ஓரத்தில் மட்டும்?
கைப்பேசியை முட்டையோட்டு வெள்ளையின் மேல் கவிழ்த்தான்.

மைக்கு வந்தோம். அவள் தயங்கவேயில்லை:
மழை நனைத்த பைன் ஊசியின் பச்சை.
ஒப்பிட்டுப் பார்க்க, பக்கத்தில்
துருவேறிய ஒரு பழுப்பை வைத்து
உங்களுக்கு எது என்று அவனைக் கேட்டேன்.
"இரண்டும் ஒன்றுதானே" என்றான்.

நான் சிரித்துவிட்டேன்.
அவள் சிரிக்கவில்லை.
"என் கோட் என்ன நிறம்?"
கொக்கியைப் பார்த்தான். நாலு வருஷமாக
உனக்கு எடுப்பாக இருக்கிறது என்று அவன் சொல்லிவந்த கோட்.
"பழுப்பு."
பிறகு, "இல்லையா?"

இப்படிப்பட்ட நேரத்தில் கடைக்காரிக்கு ஒரு வேலை உண்டு.
உள்ளே போய்
இல்லாத ஒரு மாதிரித் தாளைத் தேட ஆரம்பித்தேன்.
அங்கேயும் கேட்டது.
கப்பல் வேலைக்குப் போகாததற்குக் கடல்நோய் என்றேனே, அது பொய்.
எதிரே வரும் படகின் சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும்
எனக்கு
அவன் முடிக்கவில்லை.
பச்சை உனக்குப் பிடிக்கும் என்றுதான்
மூன்று கடை ஏறி இறங்கினேன் என்றாள்.
பிடிக்கும் என்றான் அவன்.
எது பிடிக்கும் என்றாள்.

நான் திரும்பி வந்தபோது
அவன் கட்டைவிரல் காயக்கட்டு வெள்ளையின் மேல்
போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.
தாள் முடிவாயிற்று என்று புரிந்துகொண்டேன்.
மையே இல்லாமல் வெறுமனே அழுத்தலாமா என்று அவள் கேட்டாள்.
அழுத்தலாம், அழகாகத்தான் இருக்கும்.
ஆனால் உங்கள் அத்தைமார் அதை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து
எந்தத் தேவாலயம் என்று எனக்குப் போன் செய்வார்கள்.

வெகுநேரம் அந்த இரண்டு வில்லைகளையே பார்த்திருந்தாள்.
"என் பெயர் பச்சையில். இவன் பெயர் அந்தப் பழுப்பில்."
"வித்தியாசம் தெரியுமா?" என்றான் அவன்.
"விலையில் தெரியும்" என்றேன்.
இரண்டு தகடு, இரண்டு ஓட்டம், நடுவில் உருளை கழுவ ஒரு மணி நேரம்.

அப்போதுதான் கவிழ்ந்திருந்த கைப்பேசி பேசியது.
யாரும் அதைத் துண்டிக்கவே இல்லை.
"எங்கப்பாவும்
காய்த் தக்காளியைத்தான் பறித்து வருவார்" என்றது.
"அம்மா அவரை ஒருநாளும் திருத்தியதில்லை. காயிலேயே ஜாம் போடுவாள்."
கொஞ்சம் மௌனம்.
"சரி, தங்கம் வேண்டாம்.
உறையின் உள்பக்கத்தில்?"

வியாழனன்று ஈரமானி ஐம்பத்திரண்டு.
முதலில் பச்சையை ஓட்டினேன்.