மூன்றில் ஒன்று

விக்டோரியா ஏரியின் கென்யக் கரையில்
ஒரு படகுத்துறைக் கமிட்டியில்
என் பெயர் இருக்கிறது: சைப்ரோஸ் அவினோ.
மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருந்தாக வேண்டுமாம்.
ஒன்பது நாற்காலி போட்டார்கள்,
மூன்றில் எங்களை உட்காரவைத்தார்கள்.
அரசாங்க ஜீப் வருகிற அன்றைக்கு மட்டும்
தேநீரை வேறு யாராவது ஊற்றுவார்கள்.

ஒமேனா தெரியுமா உங்களுக்கு?
சுண்டுவிரல் நீளம், வெள்ளி நிறம்.
நிலா இல்லாத இரவுகளில்
விளக்கைக் காட்டி ஏமாற்றி அள்ளுவார்கள்.
விடியும்போது பிளாஸ்டிக் பேசினோடு
இடுப்பளவு தண்ணீரில் நிற்போம்.
பிடித்ததில் படகுக்கு ஒரு பங்கு,
என்ஜினுக்கு ஒன்று, வலைக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று.
விளக்குக்குக்கூட உண்டு.
தண்ணீரில் நிற்கிறவளுக்கு விலைதான்.
சில விடியல்களில்
விலைக்கு மேல் ஒரு விலை.
ரோஸ்லின் கொடுத்திருக்கிறாள்.
நான் கொடுத்திருக்கிறேன்.
இதை எழுதினால் கை நடுங்கும் என்று நினைத்திருந்தேன்.
நடுங்கவில்லை.
காகிதத்தில் மீன் வாடைதான் அடிக்கிறது.

ஏப்ரலில் வந்தது பாலினச் சமத்துவக் கொள்கை.
நாற்பது பக்கம், பளபளக்கும் அட்டை.
அட்டையில் ஒருத்தி சிரிக்கிறாள்.
அவள் தூக்கிப் பிடித்திருக்கும் மீன்
எங்கள் துறையில் அகப்பட்டால்
நேரே ஐஸ் லாரிக்குப் போய்விடும்.

கூட்டம் பிற்பகல் இரண்டு மணிக்கு.
கரையில், பழைய வலைமேல், பாதி காய்ந்து
என் மூன்று பேசின் ஒமேனா.
செயலாளர் ஒலுவோச் நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.
பதினோராம் பக்கம்,
‘தீர்மானம் எடுப்பதில் மகளிரின் முழுப் பங்கேற்பு’
என்ற இடத்தில்
தகரக் கூரைமேல் முதல் துளி.

நானும் ரோஸ்லினும் மூன்றாம் நாற்காலி பெரெஸும்
ஓடினோம்.
நனைந்த ஒமேனா மனிதர் வாய்க்கு ஆகாது;
கோழித்தீவனக்காரன் எடுப்பான், கால் விலைக்கு.
கால் விலை என்றால்
என் மகன் பள்ளிக்கூட வாசலோடு திரும்புவான்.
வாரினோம்,
மணலோடு வாரினோம்,
பெரெஸ் இடுப்புத் துணியை அவிழ்த்து அதில் வாரினாள்.
மூன்று பேசினில் ஒன்று மிஞ்சியது.
சட்டப்படி சரியான பங்கு.

திரும்பி வந்தால்
நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.
நோட்டில் மை காயவில்லை:
‘கொள்கை ஏகமனதாக ஏற்கப்பட்டது.
மகளிர் உறுப்பினர் மூவரும் வருகை.’
இங்கே ஒரு கையெழுத்து, என்றார் ஒலுவோச்.

கெட்டவர் இல்லை அவர்.
என் கணவர் மூழ்கிய வருடம்
சவப்பெட்டிக்குப் பலகை கொடுத்தவர்.

பேனாவை வாங்கினேன்.
‘வருகை’யை அடித்தேன்.
‘மழை. மூவரும் மீன் வாரப் போனோம்.
பதினோராம் பக்கத்துக்கு அப்புறம்
என்ன நடந்தது என்று தெரியாது’ என்று எழுதினேன்.
ரோஸ்லினிடம் கொடுத்தேன்.
அவள் நெடுநேரம் யோசித்து
‘தராசு வேண்டும். அன்றன்றைய விலையைப்
பலகையில் எழுதிப் போட வேண்டும்’ என்றெழுதி
அடியில் இரண்டு கோடு இழுத்தாள்.
பெரெஸுக்கு எழுத்து வராது.
கட்டைவிரலை வைத்தாள்.
ரேகையோடு ஒரு செதிலும் ஒட்டிக்கொண்டது.

கவுன்ட்டி ஆபீஸில் திருப்பி அனுப்பிவிடுவார்களே, என்றார்.
அனுப்பட்டும்.
அடுத்த கூட்டத்தைக் காலையில், கரையில் வையுங்கள்.
மீனைப் புரட்டிக்கொண்டே கேட்கிறோம்.

இன்றுவரை பதில் இல்லை.
தராசும் இல்லை.
நேற்று விடியலில்
படகிலிருந்து ஒரு பையன்
என் பேசினை வாங்கக் கை நீட்டியவன்
நீட்டியபடியே நின்றான்.
‘அந்த நோட்டில்
என் பெயரும் இருக்கா?’

‘இன்னும் இல்லை’ என்றேன்.

விளிம்பு வழிய
அள்ளிப் போட்டான்.