எழுபத்திரண்டு

அடையாறு சிக்னல் நிறுத்தத்தில்
நாற்பது நாள் நின்று குறித்தேன்,
இருபத்தொன்பது சி-க்காகக் காத்த நிமிடங்களை.
சராசரி பதின்மூன்றரை.

"இந்த எழுபத்திரண்டை எடுத்துடு,
பன்னிரண்டுன்னு அழகா வரும்"
என்றாள் பக்கத்துக் கணினி நசீமா.

அது மழை நாள்.
முழங்கால் தண்ணீரில்
செருப்பைக் கையில் பிடித்து,
டயாலிசிஸ் சீட்டை பாலித்தீனில் சுற்றி
மூன்று முறை கேட்டார் ஒருவர்:
"வந்துடுமாம்மா?"
வரும் என்றேன்,
எந்தத் தரவும் இல்லாமல்.

அழிக்கும் பொத்தானில் விரல்.
இடைநிலை பதினொன்று.
அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்
அது அசையாது.

எடுக்கவில்லை.
செமினார் அறைத் திரையில்,
வரைபடத்தின் வலது ஓரத்தில்,
கூட்டத்தை விட்டுத் தள்ளி
ஒரு புள்ளி.
"இது என்ன பிழையா?" என்கிறார் பேராசிரியர்.
"மழை சார்."