விற்றது விற்றதுதான்

லாமிங்டன் ரோட்டில் சேட்
பில் புத்தகத்தில் எழுதினார்:
கோ-பிராசசர், ஒன்று. கம்பேட்டிபிள்.
கீழே இன்னொரு வரி:
விற்றது விற்றதுதான்.

அசல் கம்பெனிக்காரன் விலையில்
பாதிக்கும் கீழே.

வெளியே ஜூலை மழை.
சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்து
கறுப்பு ஸ்பாஞ்சோடு அதை உள்ளே வைத்தேன்.
எலுமிச்சைசாத வாசனையோடு
கிராண்ட் ரோடிலிருந்து தாதர் வரை
நின்றுகொண்டே வந்தது ஒரு கணக்குப்புலி.

மதர்போர்டில் அதற்கென்று ஓர் இடம்
வாங்கிய நாள்முதல் காலி.
சிப்புக்குக் கால் அறுபத்தெட்டு.
சாக்கெட்டுக்குத் துளை நூற்றிருபத்தொன்று.
வெளிச்சுற்று சும்மா கிடக்க வேண்டும்;
ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்தால் புகைதான்.

ஃபிர்தோஸ் டார்ச் அடிக்க
கட்டைவிரலால் அமுக்கினேன்.
போர்டு வளைந்தது.
நறுக்கென்று ஒரு சத்தம்.
போர்டா, சிப்பா, என் நகமா
என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.
பத்துப் பொருத்தமும் பார்த்து
அக்காவுக்கு நடந்த கல்யாணத்தை
அந்த நேரம் பார்த்து நினைத்தது
வேண்டாத வேலை.

வாஷி கட்டடம், பதினான்கு மாடி, காற்றுச் சுமை.
சிப் இல்லாமல் நாற்பத்துமூன்று நிமிடம்.
பக்கத்து ஆபீஸ் அசலை ஒரு சாயங்காலம்
இரவல் வாங்கிப் போட்டபோது ஒன்பது.
இது, ஆறு.
டீ கொண்டுவந்த பையன்
நாங்கள் வேலை செய்வதைப் பார்த்து
மிஷின் கெட்டுப்போச்சா என்றான்.

படம் வரையும் புரோகிராம் மட்டும் ஒப்பவில்லை.
சிப்பிடம் என்னவோ கேட்டது,
பதில் பிடிக்கவில்லை போல.
கோ-பிராசசர் இல்லை
என்று எழுதிவிட்டு வெளியேறியது.
தொட்டுப் பார்த்தேன்,
விரல் சுட்டது.

பேட்கர் சாரிடம் இரண்டு பிரிண்ட்அவுட்டையும் நீட்டினேன்.
கடைசி இலக்கம் ஒத்துவரவில்லை சார்.
எத்தனையாவது?
பதினைந்தாவது.
கம்பி பதினாறு மில்லியில் வரும், என்றார்,
இருபதில் வரும். நடுவில் வருமா?
வராது.
இருபது போட்டோம்.

எல்லோரும் கிளம்பிய பிறகு
இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக
டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன்.
வரிக்கு வரி, புள்ளிக்குப் புள்ளி.
நான்காம் மாடி மூலைத் தூணில் மட்டும்
அசலுக்கு முடிவில் மூன்று,
நம்முடையதற்கு எட்டு.

மூன்றின்மேல் எட்டை வைத்தால்
எட்டுதான் தெரிகிறது.
தாள்களை முன்பின்னாக மாற்றினேன்.
அப்போதும் எட்டுதான்.